வர்ணம் பாதியில் நின்றுபோகாமல் இருக்க: மிரர்லெஸ் கேமராவில் நீண்ட நிகழ்ச்சியைப் பதிவு செய்வது எப்படி?

பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றை வீடியோ எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, ஒரு டிரைபாட். நிகழ்ச்சி இரண்டு, இரண்டரை மணி நேரம் போகும். அலாரிப்பும் ஜதிஸ்வரமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வர்ணம் அப்படியல்ல, அரை மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். பழைய மாடல்கள் பலவற்றில் ஒரே பதிவுக்கான உச்ச எல்லை 29 நிமிடம் 59 நொடி. வர்ணத்தின் முதல் அடியில் பட்டனை அழுத்தினால், சரணத்தில் வேகம் ஏறி, ஆடும் பிள்ளை தன் முழுப் பயிற்சியையும் காட்டுகிற இடத்தில் கேமரா தானாக நின்றுவிடும்.

அரங்கேற்றம் ஒரு முறைதான். இன்னொரு டேக் கேட்க முடியாது. புகைப்படத்துக்காகவோ குறும்வீடியோவுக்காகவோ கேமரா வாங்கி, முதல் முறையாக நீண்ட நிகழ்ச்சி எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கச்சேரி, பட்டிமன்றம், கல்யாண முகூர்த்தம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: கேமரா ஏன் நிற்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

கேமரா நடுவில் நின்றால் உடனே ‘ஹீட் ஆயிடுச்சு’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கு காரணங்கள் உண்டு: நேர எல்லை, கார்டு, பேட்டரி, சூடு. நான்குக்கும் மருந்து வேறு வேறு. நேர எல்லையால் நிற்கிற கேமராவுக்கு ஃபேன் வைத்து ஒரு பயனும் இல்லை. அதனால் நின்ற நேரத்தையும், திரையில் வந்த செய்தியையும் குறித்துக்கொள்ளுங்கள். மிகச் சரியாக 29:59-இல் நின்று, திரும்ப அழுத்தியதும் ஓடினால் அது நேர எல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில், தெர்மாமீட்டர் படம் காட்டிவிட்டு நின்றால் அது சூடு. கார்டு என்றால் எழுத முடியவில்லை என்ற செய்தியோ, கார்டு நிறைந்துவிட்டது என்ற செய்தியோ வரும்.

நேர எல்லைக்குத் தொழில்நுட்பத்தில் வேர் இல்லை, சுங்க வரியில்தான் இருக்கிறது. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து வீடியோ எடுக்கக்கூடிய கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டது. புகைப்படக் கேமராவுக்கு அந்த வரி இல்லை. நிறுவனங்கள் ஒரு நொடி குறைத்து 29:59-இல் நிறுத்திக்கொண்டன. ஐரோப்பாவுக்கு ஒன்று, மற்ற நாடுகளுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வது பலருக்கு வேண்டாத வேலையாகப் பட்டதால், இங்கே விற்ற கேமராக்களிலும் அதே எல்லை வந்து உட்கார்ந்துகொண்டது. 2015-இல் நைரோபியில் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தம் விரிவானபோது, 201 வகைப் பொருட்களுக்கான வரியைப் படிப்படியாக நீக்க உடன்பட்டார்கள். வீடியோ கேமராவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதன் பிறகு எல்லை மெல்லத் தளர்ந்தது. சோனி ஏ7 மார்க் 3-இல் (2018) எல்லை உண்டு. ஏ6400-இல் (2019) இல்லை. கேனன் ஆர்6-இல் (2020) 29:59 இருந்தது. அடுத்து வந்த ஆர்6 மார்க் 2-இல் அது ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் வீடியோ பதிவு பற்றிய பகுதியில் போட்டிருக்கும். வேறு எதையும் படிக்காவிட்டாலும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எல்லை இருக்கிற கேமராவே கையில் இருந்தாலும் பரவாயில்லை. உருப்படி மாறும் இடத்தில் நிறுத்தி, அடுத்த உருப்படிக்குப் புதிதாகத் தொடங்குங்கள். வர்ணம் மட்டும்தான் எல்லையைத் தாண்டும் என்பதால் அதற்குத் தனித் திட்டம் வேண்டும். பாடகரிடமோ நட்டுவாங்கம் செய்பவரிடமோ முன்கூட்டியே கேளுங்கள்: வர்ணம் எத்தனை நிமிடம், முக்தாயி ஸ்வரம் முடிந்து சரணம் எப்போது தொடங்கும்? அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி அழுத்தினால் இழப்பு இரண்டு மூன்று நொடிகள்தான். அந்த நொடிகளையும் இன்னொரு கேமராவோ, ஒரு போனோ மூடிக்கொடுக்கும்.

கார்டும் பேட்டரியும்: சீக்கிரம் முடித்துவிடலாம்

4கே, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். இரண்டரை மணி நேரத்துக்கு 112 ஜிபிக்குச் சற்று மேல். 128 ஜிபி கார்டில் அடங்கும் என்று தோன்றும். நன்றியுரை நீண்டால் அடங்காது. 256 ஜிபி வாங்குங்கள். வேகத்தைப் பொறுத்தவரை வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்கு 30 மெகாபைட் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்), அதாவது 240 எம்பிபிஎஸ் வரை தாங்கும். 100 எம்பிபிஎஸ் பதிவுக்கு அது போதும். ஆல்-ஐ (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் முறை) போன்ற கனமான வகைகளில் எடுக்கும்போதுதான் வி60, வி90 தேவைப்படும்.

போலிக் கார்டு விஷயத்தில் கவனம். 256 என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே இருப்பது அதில் ஒரு பங்குதான். எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரியான இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நிகழ்ச்சிக்கு முன் ஃபார்மேட் செய்வது கேமராவிலேயே நடக்கட்டும், கணினியில் வேண்டாம்.

32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2 முழு எச்டியில் சுமார் 12 நிமிடத்தில் நின்றதற்கு இதுதான் காரணம். பிறகு வந்த கேமராக்கள் நிற்காமல் ஃபைலை மட்டும் துண்டு துண்டாக உடைத்துக்கொள்ளும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்பதால் அங்கே பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரிக்கு டம்மி பேட்டரியோ (பேட்டரி வடிவில் உள்ளே உட்கார்ந்து, வெளியிலிருந்து வயரில் மின்சாரம் வாங்கித் தருவது) யூஎஸ்பி-சி பவர் டெலிவரியோதான் நல்ல வழி. அதை ஏன் சொல்கிறேன் என்பது சூட்டைப் பற்றிப் பேசும்போது புரியும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

புகைப்படம் எடுக்கும்போது சென்சார் ஒரு கணம் முழு வேகத்தில் வேலை செய்துவிட்டு ஓய்ந்துவிடும். வீடியோவில் நொடிக்கு 25 முறை, 50 முறை என்று இடைவிடாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படித்ததைப் பிராசசர் சுருக்கி, சுருக்கியதைக் கார்டு எழுதுகிறது. சென்சார், பிராசசர், கார்டு, மின்சாரம் கொடுக்கும் பேட்டரி, இந்த நான்குமே சூடாகும். இதில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப்-பி என்ற அதிவேகக் கார்டைப் பதிவு முடிந்த கையோடு வெளியே எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சுடும் என்று தெரியும்.

உண்டாகிற சூடு வெளியே போகவும் வழி குறைவு. கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி உள்ள கேமராவில் சென்சார் காந்தங்களுக்கு நடுவே மிதக்கிறது. உலோக உடம்போடு இறுக்கித் திருகப்படாததால் சூடு கடத்தும் பாதை ஒல்லியாகிவிடுகிறது. தூசியும் மழைத்துளியும் புகாமலிருக்க உடம்பை வேறு மூடி அடைத்திருக்கிறார்கள். ஆழாக்கு அரிசி வேகிற பாத்திரத்துக்கு இறுக மூடி போட்ட மாதிரிதான்.

2020-இல் வந்த கேனன் ஆர்5 இதற்கு நல்ல உதாரணம். 23 டிகிரி செல்சியஸ் அறையில் 8கே 20 நிமிடம் ஓடும் என்று கேனனே அட்டவணை வெளியிட்டது. அந்த அட்டவணையில் இன்னொரு வரி இருந்தது, அதைத்தான் புதியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: சூடாகி நின்ற பிறகு 10 நிமிடம் அணைத்து வைத்தால் திரும்பக் கிடைப்பது 3 நிமிட 8கே. 20 நிமிடம் அணைத்து வைத்தால் 8 நிமிடம். ஒரு முறை சூடு உள்ளே தங்கிவிட்டால் இறங்க வெகு நேரம் பிடிக்கும். ‘நின்றால் அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணி வைக்கலாம்’ என்ற நம்பிக்கையோடு மேடைக்குப் போக முடியாது.

அதே ஆண்டு வந்த சோனி ஏ7எஸ் மார்க் 3-இல் ஃபேன் கிடையாது. ஆனாலும் 4கே 60-இல் (நொடிக்கு 60 படம்) ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று சோனி அறிவித்தது. சூட்டை வெளியே கடத்தும் தகட்டை மாற்றியமைத்தது ஒரு காரணம். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: அதன் சென்சார் வெறும் 12 மெகாபிக்சல். 4கே படத்துக்குத் தேவையான அளவுக்குச் சற்று அதிகமாகத்தான் படிக்கிறது. 24 மெகாபிக்சல் கேமரா 6கே அளவு படித்து 4கே ஆகச் சுருக்கும்போது படம் கூர்மையாக இருக்கும், வேலையும் சூடும் அதற்கேற்பக் கூடும். ஆகவே சூடு கேமராவின் விலையைப் பொறுத்ததல்ல. நீங்கள் அதனிடம் என்ன வேலை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் படி: வீட்டில் சோதனை

இதைத் தவிர்க்கவே கூடாது. மற்றவர்களின் கேமரா எத்தனை நிமிடம் ஓடியது என்று தேடிப் படிப்பதைவிட, உங்கள் கேமரா உங்கள் அறையில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான் பயன்படும்.

ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியில் பயன்படுத்தப் போகும் அதே லென்ஸ், அதே கார்டு, அதே மின் இணைப்பு, அதே செட்டிங். எதிரே அசைகிற ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஓடுகிற டிவி போதும். பதிவைத் தொடங்கி, நிற்கும் வரை விடுங்கள். எச்சரிக்கை எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, எப்போது நின்றது என்று எழுதிவையுங்கள்.

பிறகு கால் மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு, மறுபடி ஓட விடுங்கள். இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். முதல் எண் குளிர்ந்த கேமராவுடையது. அரங்கத்தில் ஒத்திகை பார்த்து, வெளிச்சம் சரிபார்த்து, வாழ்த்துரை எடுத்து, அதன் பிறகு வர்ணத்துக்கு வரும்போது உங்கள் கையில் இருப்பது குளிர்ந்த கேமரா அல்ல.

நிறுவனங்கள் தரும் எண்கள் 23, 25 டிகிரி அறையில் அளந்தவை. பெரும்பாலான கேமராக்களுக்கு அவர்கள் குறிக்கும் இயங்கு எல்லையே 40 டிகிரி வரைதான். கத்திரி வெயில் நாளில் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத மண்டபம் என்றால் அந்த எல்லையின் வாசலில்தான் வேலையைத் தொடங்குகிறீர்கள். கோடை விடுமுறையில் அரங்கேற்றம் வைக்கும் குடும்பங்கள் உண்டு என்பதால் மண்டபத்தில் ஏசி இருக்கிறதா என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: செட்டிங்

இங்கே ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் 50பி-யை (நொடிக்கு 50 படம்) 25பி ஆக்குங்கள். சென்சாரின் வேலை பாதியாகிவிடும். ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் அதை நிகழ்ச்சிக்குப் பிறகு, அபிநய முத்திரைகளைத் தனியாக எடுக்கும்போது வைத்துக்கொள்ளலாம். இரண்டரை மணி நேர முழுப் பதிவுக்கு 4கே 25பி தாராளம். வீட்டு டிவியில் பார்க்கப் போகிற குடும்பத்துக்கு முழு எச்டி 50பி-யும் குறையாகத் தெரியாது. வேகமான அடவுகளில் கால் அசைவு அதில் இன்னும் வழவழப்பாக வரும், கேமராவும் குளிர்ச்சியாக இருக்கும். கூர்மையைவிடத் தொடர்ச்சிதான் இங்கே முக்கியம் என்பது என் கருத்து.

அடுத்தது, சோனியில் ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்’ என்று மெனுவில் இருப்பதை ‘ஸ்டாண்டர்ட்’டிலிருந்து ‘ஹை’க்கு மாற்றுங்கள். கேனனின் புதிய மாடல்களிலும் இதே வசதி உண்டு. ஆர்5-க்கு 2022-இல் ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் வழியாகக் கொடுத்தார்கள். கையில் பிடித்தால் சுடக்கூடாது என்பதற்காக வைத்த வரம்பைத்தான் இது உயர்த்துகிறது. அதனால் ‘ஹை’ என்று வைத்தால் கேமரா டிரைபாடில்தான் இருக்க வேண்டும். நீண்ட நேரம் தொட்டுக்கொண்டே இருந்தால் தோல் பாதிக்கப்படலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

திரையை உடம்போடு ஒட்டி மடித்து வைக்காதீர்கள். பக்கவாட்டில் திறந்தோ, பின்னால் இழுத்தோ விடுங்கள். முதுகுப்பக்கம்தான் சூடு வெளியேறும் முக்கியமான இடம். திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள், வைஃபையும் ப்ளூடூத்தும் வேண்டாம். டிரைபாடில் இருக்கும்போது கைநடுக்கம் சரிசெய்யும் வசதியும் வேண்டாம்.

டம்மி பேட்டரி போட்டால், சூடாகிற ஒரு பொருள் கேமராவுக்கு உள்ளேயிருந்து வெளியே போய்விடுகிறது. சென்சாருக்கு அருகிலேயே பேட்டரி உட்காரும் சிறிய உடம்புகளில் இதன் பலன் நன்றாகத் தெரியும். யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் கொடுத்தால், கேமரா ஓடும்போது பேட்டரியும் சேர்ந்து சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஆவதும் சூடுதான். முழுதாக சார்ஜ் ஆன பேட்டரியைப் போட்டுவிட்டு, பவர் பேங்கை இணையுங்கள்.

நான்காம் படி: நிகழ்ச்சி நாள்

கேமராவை ஆன் செய்து வைத்திருப்பதே சூடுதான். பதிவு ஓடாவிட்டாலும் திரையில் படம் தெரிய வேண்டுமென்றால் சென்சார் வேலை செய்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஃப்ரேம், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். விளக்கேற்றுவதற்குச் சற்று முன்பு ஆன் செய்தால் போதும். கேனனில் காத்திருக்கும்போது படத்தின் தரத்தைக் குறைத்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்வு ஒன்று மெனுவில் உண்டு, அதையும் போட்டுவையுங்கள்.

ஆடை மாற்றும் இடைவேளைதான் உங்களுக்கும் கேமராவுக்கும் கிடைக்கும் பெரிய ஓய்வு. அங்கே அணைத்துவிட்டு, பேட்டரி மூடியையும் கார்டு மூடியையும் திறந்து வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கும். ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில், அறிவிப்பாளர் பேசும் நேரத்தில் நிறுத்தித் தொடங்குவதும் நல்ல பழக்கம். ஏதாவது ஒரு ஃபைல் கெட்டுப்போனால் போவது ஒரு உருப்படி மட்டும்.

சின்ன யூஎஸ்பி ஃபேன் ஒன்றைக் கேமராவின் முதுகுப் பக்கம் காற்று படுகிற மாதிரி வைக்கலாம். முதுகில் மாட்டுகிற கூலிங் ஃபேன்களும் கிடைக்கின்றன. இரைச்சல் கேமராவின் மைக்கில் ஏறும் என்பதால் ஒலியை அதிலிருந்து எடுக்காதீர்கள். அரங்கத்து மிக்சரின் லைன் அவுட்டிலிருந்து தனி ரெக்கார்டருக்கு ஒரு இணைப்பு கொடுத்து, தொடக்கத்திலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓட விடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவுதான் வரும். பாட்டும் நட்டுவாங்கமும் முழுதாக இருந்தால், படத்தில் விழுகிற சில நொடி ஓட்டையை எடிட்டிங்கில் மூடிவிடலாம். பாட்டு அறுந்தால் மூட முடியாது.

இரண்டு கேமரா இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். இரண்டாவதைப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்கினால், ஒன்று எல்லையைத் தொட்டு நிற்கும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.

வெளியரங்கில் பகல் நிகழ்ச்சி என்றால் கறுப்பு நிற உடம்பு நேரடி வெயிலை உறிஞ்சும். மேலே ஒரு குடை, அல்லது காற்று புகும்படி தளர்வாகப் பிடித்த வெள்ளைத் துணி. ஈரத்துணி போர்த்துவதும் ஐஸ் பையை ஒட்டுவதும் வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும், உள்ளேயும் படியலாம். ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நடுவில் நின்றுவிட்டால்

சூட்டால் நிற்கும்போது கேமரா அதுவரை எடுத்ததை ஒழுங்காக மூடிச் சேமித்துவிடும். கார்டு விளக்கு அணையும் வரை எதையும் பிடுங்காதீர்கள். அந்தப் பதற்றத்தில் பேட்டரியைக் கழற்றுவதால்தான் ஃபைல்கள் கெடுகின்றன. முதலில் போனை எடுத்து டிரைபாடுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பதிவைத் தொடங்குங்கள். அதன் பிறகு கேமராவை அணைத்து, விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்து மூடிகளைத் திறந்து, காற்றுப் படும்படி வையுங்கள். திரும்ப ஆன் செய்யும்போது 4கே-யை விட்டு முழு எச்டி 25பி-யில் தொடங்குங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு

மாதத்துக்குப் பல நீண்ட நிகழ்ச்சிகள் எடுப்பீர்கள் என்றால் ஃபேன் உள்ள உடம்பையே வாங்குங்கள். பானாசோனிக் எஸ்5 மார்க் 2 (2023), சோனி எஃப்எக்ஸ்30 (2022), எஃப்எக்ஸ்3 (2021) ஆகியவற்றில் ஃபேன் உள்ளேயே இருக்கிறது. ஃபூஜிஃபிலிம் எக்ஸ்-எச்2எஸ்-க்கு ஃபேனைத் தனியாக வாங்கி முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிதான் என்றால் வேண்டாம். கையில் இருக்கும் கேமராவையே 25பி-யில் வைத்து, ஒரு டம்மி பேட்டரியும் ஒரு ஒலி ரெக்கார்டரும் வாங்குங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல டிரைபாட் ஒன்று வரும்.

வீட்டுக்கு வந்ததும் கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்யுங்கள், வீடியோக்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். உடைந்த ஃபைல்களைச் சில மென்பொருள்கள் அந்த ஃபோல்டர் அமைப்பை வைத்துத்தான் வரிசையாக ஒட்டுகின்றன. இரண்டு இடங்களில் காப்பி ஆகி, வர்ணத்தையும் தில்லானாவையும் கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்த பிறகு கார்டை அழியுங்கள்.